அடியில் கொஞ்சம் மண்டி

படுக்கவைக்கக் கூடாது. ஆட்டக் கூடாது. வெளிச்சம் படக் கூடாது. ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் குலுங்கும். அதனால் உள்ளே, முட்டைத் தட்டுக்குப் பின்னால், நிமிர்த்தி வைக்க வேண்டும். என் மகள் பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியில் இவ்வளவு சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. பிரான்சிலிருந்து டிசம்பரில் இரண்டு வார விடுப்புக்கு வந்தவள், பெட்டியைத் திறந்ததும் முதலில் எடுத்தது அந்த பாட்டிலைத்தான். மூன்று ஜோடி கம்பளிக் காலுறைக்குள் அதைச் சுருட்டி வைத்திருந்தாள். எங்களுக்காக வாங்கிய சாக்லேட் அதற்கப்புறம்தான் வெளியே வந்தது, நசுங்கி.

"இது ஐபிஏப்பா. ஃபில்டர் பண்ணாதது. ஈஸ்ட் உள்ளேயே ஜிந்தாவா இருக்கும், உயிரோட. பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது வாட்டி புளிக்கும். கீழ செட்டில் ஆயிருக்குல்ல, அதுதான் இதோட ஸ்பெஷல்" என்றாள். மகளின் தமிழ் புனேயில் பிறந்து பிரான்சில் வேலைக்குப் போன தமிழ். வாக்கியத்துக்கு நடுவில் ரயில் மாறுவது அதற்குச் சகஜம்.

ஐபிஏ என்பது இந்தியா பேல் ஏல் என்ற பீர் வகை, முதல் எழுத்தே இந்தியாதான். அந்தக் காலத்தில் இங்கே புனே கன்டோன்மென்டில் வெயிலில் வாடிய வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இங்கிலாந்திலிருந்து கப்பலில் பீர் அனுப்புவார்களாம். வழியில் கெடாமலிருக்க ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைக் கூடுதலாகப் போடுவார்களாம். இதெல்லாம் பின்னால் கட்டிய கதை என்பவர்களும் உண்டு. நான் இரண்டு கட்சியையும் படித்துவிட்டுக் குழம்பியவன். எனக்குத் தெரிந்த உண்மை ஒன்றுதான்: அதே வெள்ளைக்காரர்கள்தான் என் முன்னோர் ஒருவரையும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கோப்பு எழுத இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பீர் கப்பலில் வந்தது, நாங்கள் ரயிலில் வந்தோம். கெடாமல் வந்து சேர இரண்டு தரப்புக்கும் கசப்பு தேவைப்பட்டது.

ஆனால் இந்த பாட்டில் எந்தச் சிப்பாய்க்காகவும் காய்ச்சப்பட்டதல்ல. பிரான்சில் ஒரு சின்ன ஊரில், பழைய மாட்டுத் தொழுவம் ஒன்றில், ஒரே ஒரு கூட்டாளியை வைத்துக்கொண்டு பீர் செய்கிறவர் காய்ச்சியது. என் மகள் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறவர் அவர்.

நான்கு மாதம் முன்பு இதைப் போனில் சொன்னாள். என் மனைவி முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். "வேலை என்ன?" என்று மட்டும் கேட்டாள். "பீர் காய்ச்சுறார்மா" என்று பதில் வந்தது. போனை என் கையில் கொடுத்துவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். அன்று காலைதான் ஊற்றியிருந்தாள். அதன் பிறகு அந்த மனிதரைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒருமுறை குக்கரிடம் பேசினாள். "சர்ச் பெண்கள் ஐக்கியத்துல மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேப்பாளுவ. நான் என்னத்தச் சொல்ல? காய்ச்சுதாருன்னா?" குக்கர் விசில் அடித்தது. நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

வந்த இரண்டாம் நாள், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, மகள் என்னை வளைத்துப் பிடித்தாள்.

"அப்பா, சண்டே சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீடியோ கால். அங்க மத்தியானம் பன்னெண்டரை. அவரும் ஒரு பாட்டில் திறப்பார், நீங்களும் திறக்கணும். ஒரே பேட்ச். குடிச்சிட்டு என்ன தோணுதோ அதைச் சொல்லணும். அவருக்கு ரொம்ப டென்ஷன்."

"என்னத்துக்கு டென்ஷன்?"

"அதுக்கப்புறம் உங்க ரெண்டு பேர்கிட்டயும் கேக்கப் போறார். கல்யாணத்தைப் பத்தி. அம்மா ஒரு வார்த்தை சரின்னு சொல்லாம நான் எதுவும் பண்ண மாட்டேன்ப்பா. ஆனா ரெண்டாவது வாட்டி அவளைக் கேக்கவும் எனக்குத் தெம்பு இல்ல."

"நான் பீரைப் பத்திச் சொன்னா உங்கம்மா எப்படிம்மா மனசு மாறுவா?"

"தெரியலப்பா. வேற ஐடியா இல்ல."

ஒரு ஈரத் துண்டை உதறி மாட்டினேன்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். போசரியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் காலம் தள்ளுகிறவன் நான். வரும் எண்ணெயில் கசடு இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். சுத்தமாக இருந்தால் பச்சைச் சீட்டு. முடிவெடுக்கத் தைரியமில்லாத சமயங்களுக்காக மஞ்சள் சீட்டு ஒன்று உண்டு: 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது'. என் பணிக்காலத்தில் நான் அதிகம் ஒட்டியது மஞ்சள். இந்தக் கல்யாண விஷயத்திலும் நான்கு மாதமாக அதைத்தான் ஒட்டிவைத்திருந்தேன். அப்படிப்பட்டவனிடம், அடியில் அரை விரல் தடிமனுக்குக் கசடு நிற்கும் ஒரு பாட்டிலைக் கொடுத்து, அதுதான் ஸ்பெஷல் என்கிறாள்.

ஆனாலும் படித்தேன். இந்த வகை பீரைக் குடித்தவர்கள் எழுதிவைத்திருப்பதையெல்லாம் மூன்று நாள் படித்தேன். மூக்கில் பைன் மரப் பிசின் தெரிய வேண்டுமாம். பைன் வாசனை எனக்குத் தரை துடைக்கும் திரவமாகத்தான் பழக்கம். அப்புறம் கிரேப்ஃப்ரூட், லிச்சி, ஈர வைக்கோல். ஈர வைக்கோலை நான் கடைசியாக எப்போது முகர்ந்தேன் என்று யோசித்தால், எப்போதுமே முகர்ந்ததில்லை. இருந்தும் இந்த நான்கு சொற்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இங்கே என் மனைவியின் வைன் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. கிறிஸ்துமஸ் வைன் பலகாரத்தில் சேர்த்தி. நவம்பர் தொடக்கத்தில் கறுப்புத் திராட்சையைப் பீங்கான் ஜாடியில் போட்டு, சர்க்கரையும் பட்டையும் கிராம்பும் கோதுமையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுவாள். டிசம்பரில் வடிப்பாள். என் பழைய மல் வேட்டியின் ஒரு துண்டு அதற்கென்றே இருக்கிறது. வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது. மூன்று முறை வடித்து, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்ப்பாள். எழுத்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நாலாம் முறை. பெண்கள் ஐக்கியத்தில் ஒருவரின் குணத்தை வேறு எதை வைத்து எடைபோட்டாலும் கடைசியில் வைனின் தெளிவில் வந்துதான் நிற்பார்கள். கலங்கிய வைன் கொடுத்தவள் வீட்டில் மறு வருடம் கேக் மட்டும் எடுப்பார்கள். என் மனைவியின் வைன் வழியாகத் தலைப்பு எழுத்து மட்டுமல்ல, வரி விளம்பரமே படிக்கலாம்.

அந்த வருட வைனை வடித்து முடித்திருந்த வாரம் அது. வேட்டித் துண்டு துவைத்துக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை நான் கவனித்திருக்க வேண்டும். தரப் பரிசோதகன் என்று பெயர்.

ஞாயிறன்று தமிழ் ஆராதனை முடிந்ததும் மனைவி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். ஞாயிறு இரவு எங்களுக்கு ஆப்பம். மாவு அரைக்க வேண்டும். டிசம்பர் குளிரில் மாவு பொங்குவதற்குள் விடிந்துவிடும் என்று அவளுக்கு எப்போதும் கவலை. நானும் மகளும் கேம்ப் கடைத்தெருவில் கண்ணாடிக் கோப்பை தேடி அலைந்தோம். அந்த பீருக்கு வாய் குறுகி வயிறு பெருத்த கோப்பைதான் வேண்டுமாம். என் உடம்பைச் சுட்டிக்காட்டி, "இந்த ஷேப்பா?" என்றேன். சிரித்தாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். நான்காவது கடையில் கிடைத்தது.

வீடு திரும்பியபோது மணி நாலே கால். மகள் முகம் கழுவப் போனாள். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன்.

பாத்திரம் வடியும் தட்டில், சுத்தமாகக் கழுவிய ஒரு பழுப்பு பாட்டில் தலைகீழாக நின்றது. லேபிள் இல்லை. பாட்டிலிலிருந்து உரிந்த லேபிள், சிங்க்கில் இருந்த ஸ்டீல் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அது பீர் காய்ச்சியவர் தன் கையால் வரைந்த படம்: ஒரு மாடு, மாட்டின் முதுகில் ஒரு நாய். பக்கத்துக் கொடியில் வேட்டித் துண்டு ஈரமாக இருந்தது.

"ஏங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ரகசியக் குரல். "நல்லவேள நான் பாத்தேன். அது அடியில மண்டி கெட்டிக் கெடந்துச்சு. பிளேன்ல குலுங்கிக் கெட்டுப்போச்சு போல. தொறந்தா ஒரே நுர, செவரெல்லாம் அடிச்சிட்டு. ரெண்டு மட்டம் வடிச்சேன், மறுபடியும் கலங்கல். மூணாவது மட்டம் துணிய நாலா மடிச்சு வடிச்சேன். இப்பம் பாருங்க."

ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினாள். பழைய ஸ்குவாஷ் பாட்டிலில், பாதிக்கு மேல், தேன் நிறத்தில், கண்ணாடி மாதிரித் தெளிந்த ஏதோ ஒன்று. நுரை இல்லை. குமிழி இல்லை. உயிர் இருந்த அடையாளம் எதுவும் இல்லை. மூடிக்கு மேல் அலுமினியத் தாள் வேறு சுற்றியிருந்தாள்.

அவள் தொடர்ந்தாள்.

"பாவம், அந்தத் தம்பி கஷ்டப்பட்டுக் காய்ச்சிக் குடுத்து விட்டிருக்கு. கலங்கலா இருக்குன்னு நீங்க ஒரு மாதிரி மொகத்தச் சுளிச்சு, அது பாத்து சங்கடப்பட்டிரப் பிடாதுல்லா? அதான்."

அந்தத் தம்பி. நான்கு மாதத்தில் அவரைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் சொல். ஒரு மனிதரை ஏற்றுக்கொள்ள என் மனைவிக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதை எதுவோ அதை அந்த பாட்டிலுக்குச் செய்திருந்தாள்: மூன்று முறை வடித்திருந்தாள். அதோடு அந்த பீரைக் கொன்றும் இருந்தாள். கோபப்பட்டால் முதலாவது போய்விடும். சும்மா இருந்தால் இரண்டாவதுக்கு மகளிடம் பதில் சொல்ல வேண்டும். இதற்கு எந்த நிறத்திலும் சீட்டு கிடையாது.

"மண்டிய என்ன பண்ணினே?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. தொழில் பழக்கமாக இருக்கலாம்.

"அது ஈஸ்ட்டுதான? மோந்து பாத்தாத் தெரியாதா? கொட்டுவானேன். ஆப்ப மாவுல ஊத்திட்டேன்."

மகள் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஈர முகம். தட்டில் நின்ற பாட்டிலைப் பார்த்தாள், கிண்ணத்தில் மிதந்த மாட்டைப் பார்த்தாள். "அம்மா..." என்றாள். மனைவி, "ஏட்டி, பயப்படாத, சரி பண்ணிட்டேன்" என்றாள். மகள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில் 'ஏதாவது பண்ணுங்கப்பா' இருந்தது. பள்ளிக்கூட வாசலில் முதல் நாள் விட்டபோதும் அப்படித்தான் பார்த்தாள். அன்றும் நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

"ஃபில்டர் பண்ணக் கூடாதும்மா. அதுதான் அதோட..." என்று ஆரம்பித்து, தமிழில் சொல் கிடைக்காமல், இந்தியிலும் கிடைக்காமல், உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மனைவிக்குப் புரியத் தொடங்கியது. புரியப் புரிய அவள் புடவைத் தலைப்பால் அடுப்பு மேடையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"சொல்லியிருக்கலாமுல்லா" என்றாள், மேடையிடம்.

உண்மைதான். நிமிர்த்தி வை, ஆட்டாதே, வெளிச்சத்தில் வைக்காதே என்று அத்தனையும் எனக்குத்தான் சொல்லப்பட்டது. வடிக்காதே என்பதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வடிக்காமல் கொடுப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றாது. வடிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றாது.

ஐந்து மணிக்கு லேப்டாப் மணி அடித்தது. மகள் வந்து நடுவில் உட்கார்ந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. திரையில் தாடி வைத்த ஒருவர். தலையில் கம்பளிக் குல்லாய், பின்னால் பெரிய உருக்கு அண்டாக்கள். அவர் கையிலிருந்த கோப்பையில் பீர் மாம்பழச் சாறு போலக் கலங்கி, மேலே இரண்டு விரல் நுரையோடு, உள்ளேயிருந்து விளக்கு போட்டதுபோல் இருந்தது. என் கையில், நான்கு கடை ஏறி வாங்கிய கோப்பையில், ஆப்பிள் ஜூஸ்.

அவர் கோப்பையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். அவர் புருவத்தையும் உயர்த்தினார். மெதுவாக, பிரெஞ்சில், ஏதோ கேட்டார்.

"என்ன கேக்காரு?" என்றாள் மனைவி.

"ஏன் இவ்ளோ கிளியரா இருக்குன்னு" என்றாள் மகள், கீழே பார்த்தபடி.

மனைவி எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். செய்தித்தாளோடு திரும்பி வந்து, என் கையிலிருந்த கோப்பைக்குப் பின்னால் அதைப் பிடித்து, கேமரா பக்கம் தள்ளினாள். "எழுத்து தெரியுதா கேளு. எங்க வழக்கம் இதுதான்னு சொல்லு. மரியாதைக்குப் பண்ணினேன், தெரியாமப் பண்ணிட்டேன். ரெண்டையும் சொல்லு. ஒண்ண விட்டுட்டு ஒண்ணச் சொல்லிராத."

மகள் சொன்னாள். நிறைய நேரம் சொன்னாள். நடுவில் வைன், ஆப்பம் என்ற இரண்டு சொற்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன. அவர் முகம் அசையவில்லை. அந்த இடைவெளியில், வேறு வேலை இல்லாததால், நான் குடித்தேன்.

வேப்பம்பூ ரசம். முதலில் அதுதான். ஆறிப்போன, உப்பில்லாத வேப்பம்பூ ரசம். விழுங்கி முடித்து ஒரு நொடி கழித்து, ஆரஞ்சுத் தோலை நகத்தால் கிள்ளினால் வருமே, அது மூக்குக்குப் பின்னால் வந்து நின்றது. இதோடு நுரையும் கலங்கலும் சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. இதைச் செய்தவருக்குக் கை இருக்கிறது என்பதும் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்த சீட்டை நான் எடுக்கவில்லை. அப்போது கேட்டிருந்தால் என் சொந்தச் சொற்களையே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அவர் ஏதோ ஒன்று கேட்டார். மகள் நிமிர்ந்தாள். "மாவைப் பாக்கணுமாம்."

மனைவி என்னைப் பார்த்தாள். "ஷால் சுத்தி அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். எடுத்துட்டு வாங்க."

போனேன். என் பழைய மங்கி கேப்பையும் தன் ஷாலையும் சுற்றிப் பாத்திரத்தைக் கதகதப்பாக வைத்திருந்தாள். மூடி உயர்ந்து சாய்ந்திருந்தது. மாவு பொங்கி விளிம்பில் வழிந்திருந்தது. டிசம்பரில், ஐந்து மணி நேரத்தில். வியப்போடு குனிந்தபோது, பக்கத்தில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால், கடையில் வாங்கிய ஈஸ்ட் டப்பா மூடி திறந்து கிடந்தது. அதன் ஓரத்தில் ஈரக் கரண்டி. டப்பாவில் கால்வாசி இறங்கியிருந்தது.

திரும்பினேன். மனைவி என் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். டப்பாவை எடுத்து மூடி, மேல் தட்டில் வைத்தாள்.

"இது எப்போ போட்டே?"

"அவ உள்ள போய் உக்காந்து அழுதால்லா, அப்ப. அந்த மண்டியப் போட்டதுக்கு மாவாவது பொங்கட்டும்னு. சும்மா தூக்கிட்டு வாங்க."

தூக்கிக்கொண்டு வந்தேன். கேமராவுக்கு முன்னால் பாத்திரத்தைச் சாய்த்தேன். அந்த மனிதர் திரைக்கு அவ்வளவு அருகில் வந்தார், தாடி மட்டும்தான் தெரிந்தது. மாவில் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. அவர் சிரித்தார், கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினார், மகளிடம் வேகமாகப் பேசினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "அவரோட ஈஸ்ட் இவ்ளோ தூரம் வந்து அரிசியில பொழைச்சிருக்காம். நம்பவே முடியலைங்கிறார்."

நம்பக் கூடாதுதான். என் பணிக்காலத்தில் தெரிந்தே நான் தவறாக விட்ட முதல் சரக்கு அது.

பிறகு அவர் பேச்சை நிறுத்தினார். குல்லாயைக் கழற்றினார். கீழே முடி அவ்வளவாக இல்லை. நிதானமாக, எங்களைப் பார்த்து, ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். மகள் மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள், வரவில்லை.

"சரின்னு சொல்லு" என்றாள் மனைவி.

"என்ன கேட்டாருன்னே அவ இன்னும் சொல்லலியே?" என்றேன் நான்.

"பொண்ணப் பெத்தவங்க முன்னால ஒருத்தன் தொப்பியக் கழட்டினா வேற என்னத்தக் கேப்பான், மணியா கேப்பான்? சரின்னு சொல்லு ஏட்டி. ஐக்கியத்துல நான் பேசிக்கிடுதேன்."

மகள் சொன்னாள். நான் இரண்டு கையாலும் மாவுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கீழே வைக்க இடம் இல்லை. மேசை முழுக்க லேப்டாப்பும் கோப்பையும் செய்தித்தாளும். என் சம்மதத்தையும் கேட்பார்கள் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பாத்திரம் கனத்தது. கடைசியில் மனைவிதான் வாங்கிக்கொண்டு போனாள், ஆப்பம் ஊற்ற.

ஆப்பத்தின் ஓரம் லேசாகக் கசந்தது. தேங்காய்ப் பாலில் நனைத்தால் தெரியவில்லை. மூன்று பேரும் நனைத்தே தின்றோம்.

மகள் கிளம்பும் நாளில், அந்தப் பழுப்பு பாட்டில் நிறைய மனைவி தன் வைனை ஊற்றி, கார்க் அடைத்து, மெழுகு வைத்துக் கொடுத்தாள். மருமகனுக்கு. "படுக்க வச்சுக் கொண்டுபோ, ஆட்டிக்கோ, ஒண்ணும் ஆவாது. நான் வடிச்சது" என்றாள். காலுறை சுற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. சுற்றுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில், நூலளவுக்கு, கறுப்பாக ஒரு கோடு படிந்திருந்தது.

"அப்பா, டாக்ஸி வந்தாச்சு, சீக்கிரம் குடுங்க" என்றாள் மகள்.

சிவப்புச் சீட்டு ஒட்டலாம். மஞ்சள் ஒட்டினால் முடிவு ஒரு வாரமாவது தள்ளிப்போகும். காலுறையைச் சுற்றிக் கொடுத்தேன்.